பழைய இரும்புக்குப் போகாத எந்திரங்கள்: வெர்லா அட்டை ஆலை அருங்காட்சியகமான கதை

பின்லாந்தின் தென்கிழக்கில் வெர்லா என்றொரு சிற்றூர். அங்கே நின்றுபோன அட்டை ஆலை ஒன்று இருக்கிறது. உள்ளே போகிறவர்களுக்கு ஓர் இடத்தைக் குறிப்பாகக் காட்டுவார்கள். காய்ந்த அட்டையை எடைபோட்டுக் கட்டும் இடத்தில், மரத்தளம் இரண்டு பாத அளவுக்குக் குழிந்திருக்கும். ஒரே பெண் தொழிலாளி அரை நூற்றாண்டுக்கும் மேலாக அதே இடத்தில் நின்று வேலை பார்த்ததில் பலகை தேய்ந்து உண்டான பள்ளம் அது.

கொஞ்சம் பொறுப்பான மேலாளர் யாராவது இருந்திருந்தால் அந்தப் பலகையை எப்போதோ மாற்றியிருப்பார். மாற்றவில்லை. பலகையை மட்டுமல்ல, அரைகல்லையும் உலர்த்தும் முறையையும் மாற்றவில்லை. வெர்லாவை ஆய்வுக்கு எடுத்துக்கொண்டதற்குக் காரணமே இதுதான். பழைய ஆலையை அருங்காட்சியகம் ஆக்குவது பற்றிய பேச்சில் எதை வைப்பது, எப்படி அலங்கரிப்பது, யார் பணம் தருவது என்றுதான் கேள்விகள் வரும். வெர்லாவில் தீர்மானமான கேள்வி வேறு: எதை எடுக்காமல் விட்டார்கள்?

தேதிகளை முதலில் சொல்லிவிடுகிறேன். ஆலை 1964 ஜூலை 18 அன்று நின்றது. 1972இல் அருங்காட்சியகமாகத் திறந்தது. பின்லாந்தில் ஒரு தொழிற்சாலை அப்படியே அருங்காட்சியகம் ஆனது அதுவே முதல்முறை. 1996இல் யுனெஸ்கோவின் உலகப் பாரம்பரியப் பட்டியலில் இடம்பிடித்தது.

கந்தலிலிருந்து மரத்துக்கு

19ஆம் நூற்றாண்டின் நடுப்பகுதி வரை ஐரோப்பாவில் காகிதம் கந்தல் துணியிலிருந்துதான் வந்தது. அச்சு வேலை பெருகப் பெருகக் கந்தல் போதவில்லை. 1840களில் ஜெர்மனியின் சாக்சனியைச் சேர்ந்த நெசவாளர் ஃபிரீட்ரிஷ் கெல்லர், சுழலும் ஈரக்கல்லில் மரத்துண்டை அழுத்தி நாராக அரைக்கும் வழியைக் கண்டுபிடித்தார். அதற்கு வேண்டியது இரண்டுதான்: மரம், விழுந்து ஓடும் தண்ணீர். பின்லாந்தில் இரண்டுக்கும் பஞ்சமில்லை. 1865இல் ஃபிரெட்ரிக் இடெஸ்டாம் தாம்பெரே நகரின் ஆற்றோரம் மரக்கூழ் ஆலை தொடங்கினார். அவர் அடுத்து ஆலை வைத்த ஊரின் பெயர் நோக்கியா. பின்னாளில் கைபேசிகளில் ஒட்டிக்கொண்ட பெயர் அந்த ஊருடையதுதான்.

வெர்லாவில் 1872இல் ஹூகோ நியூமன் என்ற பொறியாளர் சிறிய மரக்கூழ் ஆலை ஒன்றைக் கட்டினார். நான்கே ஆண்டு. 1876இல் தீ தின்றுவிட்டது. 1882இல் கோட்லீப் கிரைடல், லூயி ஹேனெல் என்ற காகிதத் தொழில் அறிந்தவர்களும் வில்ஹெல்ம் டிப்பெலும் சேர்ந்து, கூழோடு அட்டையும் செய்யும் பெரிய ஆலையை எழுப்பினார்கள். 1892இல் மரத்தாலான உலர்த்தும் கட்டடம் எரிந்தது. இந்த முறை செங்கல்லில் கட்டினார்கள். வரைந்தவர் எடுவார்ட் டிப்பெல். சிவப்புச் செங்கல்லில் அவர் போட்ட வேலைப்பாடுகளைத் தூரத்திலிருந்து பார்த்தால் தேவாலயம் என்றே தோன்றும். உலர்த்தும் கட்டடத்துக்கு இவ்வளவு எதற்கு என்று கேட்கலாம். அந்தக் காலத்து ஆலை முதலாளிக்குக் கட்டடம்தான் விளம்பரப் பலகை.

பின்லாந்து அன்று ரஷ்யப் பேரரசுக்கு உட்பட்ட நாடு. ரஷ்யச் சந்தை பக்கத்திலேயே இருந்தது. வில்ஹெல்ம் டிப்பெல் இறந்த 1906இல் ஆலை கிஸ்ஸகோஸ்கி நிறுவனத்துக்குக் கைமாறியது. 1917இல் பின்லாந்து தனி நாடானதும் அந்தப் பழைய சந்தை கைவிட்டுப் போனது. 1920களின் தொடக்கத்தில் வெர்லா, கிமி ஆற்றுப் படுகையில் பெரிய காகித ஆலைகளை நடத்திவந்த கிமி நிறுவனத்தின் கைக்கு வந்தது. ஆலையின் தலையெழுத்து அங்கேதான் மாறியது. ஒரு பெரிய குடும்பத்தின் கடைக்குட்டி போல, யாரும் கண்டுகொள்ளாத பிள்ளையாகிவிட்டது.

கையால் செய்த அட்டை

இந்த ஆலை ஏன் இத்தனை நன்றாகக் கதை சொல்கிறது என்பது அதன் வேலை முறையைப் பார்த்தால்தான் புரியும்.

ஸ்ப்ரூஸ் என்ற ஊசியிலை மரத்தின் பட்டையை உரித்துக் குட்டையாக அறுப்பார்கள். துண்டுகளைப் பக்கவாட்டில் அரைகல்லோடு அழுத்துவார்கள். கல் தண்ணீரின் விசையில் சுழலும். மேலே தண்ணீர் கொட்டிக்கொண்டே இருக்க வேண்டும், இல்லாவிட்டால் உராய்வில் மரம் கருகிவிடும். அரைபட்டு வருவது கஞ்சி மாதிரி இருக்கும். அதைச் சலித்துச் சிம்புகளை நீக்கி அட்டை எந்திரத்துக்கு விடுவார்கள்.

அட்டை எந்திரம் என்றதும் நீண்ட பெரிய பொறியை நினைக்க வேண்டாம். தொட்டியில் நிறையத் தண்ணீர்க்கூழ். அதில் பாதி மூழ்கிச் சுழலும் கம்பிவலை உருளை. வலை தண்ணீரை உள்ளே விட்டுவிட்டு நாரை மட்டும் மேலே தங்கவைக்கும். பாலாடை போல ஒரு மெல்லிய படலம். ஓடும் கம்பளிப்பட்டை ஒன்று அதை ஒற்றியெடுத்து அடுத்த பெரிய உருளையில் சுற்றும். சுற்றுக்கு ஒரு படலம். வேண்டிய தடிமன் சேர்ந்ததும் பக்கத்தில் நிற்கிற ஆள் குறுக்கே கீறி உரித்தெடுப்பார். எத்தனை சுற்றில் எடுப்பது என்பதில் இருக்கிறது அட்டையின் கனம்.

உரித்தது சொட்டச் சொட்ட ஈரமாக இருக்கும். அழுத்துபொறியில் வைத்துப் பிழிந்து, உலர்த்தும் கட்டடத்துக்குத் தூக்கிப்போய், ஒவ்வொன்றாகத் தொங்கவிடுவார்கள், துணி காயப்போடுகிற மாதிரி. விறகடுப்புச் சூட்டில் காய வேண்டும். அந்தக் கட்டடம் இரண்டுமுறை வேர்க்கவைத்தது: அட்டையை ஒருமுறை, தொங்கவிட்ட பெண்களை இன்னொருமுறை. காய்ந்த அட்டை நெளிந்து அப்பளம் மாதிரி இருக்கும். மறுபடி லேசாக ஈரப்படுத்தி, கனத்த உருளைகளுக்கிடையே விட்டு நேராக்கி, ஓரம் வெட்டி, தரம் பிரித்து, எடைபோட்டுக் கட்டுவார்கள். முதல் பத்தியில் சொன்ன பள்ளம் இங்கேதான் இருக்கிறது.

ஒவ்வொரு கட்டத்திலும் ஒரு மனித உடம்பு நின்றதைக் கவனியுங்கள். தூக்க, அழுத்த, உரிக்க, தொங்கவிட, எடுக்க, அடுக்க. அதனால்தான் எந்திரம் ஓடாவிட்டாலும் பார்வையாளருக்கு வேலை புரிந்துவிடுகிறது. நவீன காகித ஆலையை மூடிப் பாதுகாத்தால் பார்க்கக் கிடைப்பது தகடு போர்த்திய நீளமான பெட்டிதான். அதற்குள் என்ன நடந்தது என்பதைத் திரையில் போட்டுத்தான் சொல்ல வேண்டும்.

பணம் போடாததால் பிழைத்தது

நீராவி உருளைகளில் உலர்த்தும் எந்திரங்கள் வெர்லா கட்டப்பட்ட காலத்திலேயே உலகில் இருந்தன. கிமி நிறுவனத்துக்கு அது தெரியாததல்ல. ஆனால் முதலீடெல்லாம் ஆற்றின் கீழ்ப்பகுதியில் இருந்த பெரிய ஆலைகளுக்குப் போனது. வெர்லா தன் பழைய கருவிகளோடு, தன் பழைய ஆட்களோடு ஓடிக்கொண்டே இருந்தது. கடைசிக் காலத்தில் தொழிலாளர்களும் ஆலையோடு சேர்ந்தே மூப்படைந்திருந்தார்கள். அவர்கள் ஓய்வுபெறும் வரை ஓடட்டும் என்று நிறுவனம் விட்டுவைத்ததாகத்தான் அங்கே கதை சொல்கிறார்கள். 1964இல் மூடப்பட்டபோது வெர்லா ஏற்கெனவே பழம்பொருள். மூடியதால் பழசாகவில்லை.

பாரம்பரியப் பாதுகாப்பு பற்றி எழுதுகிறவர்கள் தொலைநோக்கு, தொலைநோக்கு என்று சொல்வார்கள். வெர்லா விஷயத்தில் பாதிப் புகழைக் கணக்குப்பிள்ளைக்குத் தர வேண்டும் என்பது என் கட்சி. புதுப்பிக்கச் செலவு செய்யாமலிருக்க அவருக்கு நல்ல காரணம் இருந்தது. அவர் கையெழுத்துப் போட்டிருந்தால் இன்று அங்கே பார்க்க ஒன்றுமே இருந்திருக்காது.

மீதிப் புகழ் 1964க்கும் 1972க்கும் இடைப்பட்ட எட்டு ஆண்டுகளுக்குச் சேரும். நின்றுபோன ஆலைகளைக் கவனித்தவர்களுக்குத் தெரியும், ஆபத்தான காலம் இதுதான். முதலில் செம்பும் பித்தளையும் போகும். பிறகு தோல் பெல்ட்டுகள். பிறகு வார்ப்பிரும்பைக் கிலோக் கணக்கில் எடைபோட்டு வண்டி ஏற்றுவார்கள். கூரையில் ஓர் ஓடு நழுவினால் மாற்ற ஆள் இருக்காது, இரண்டு மழைக்காலத்தில் உத்தரம் உளுத்துவிடும். அதன்பிறகு அருங்காட்சியகம் என்று யாராவது எழுந்தால் கிடைப்பது வெறும் சுவர். அதற்குள் வேறெங்கோ வாங்கிய எந்திரத்தைக் கொண்டுவந்து வைக்க வேண்டியதுதான்.

வெர்லாவில் இது நடக்காததற்கு எனக்குத் தோன்றும் காரணங்களில் பெருமைக்குரியது எதுவும் இல்லை. ஊர் ஒதுக்குப்புறமானது, நிலத்துக்குப் போட்டியில்லை. அந்தக் காலத்து எந்திரங்களைப் பழசாகக்கூட வாங்க ஆளில்லை. உரிமையாளர் மாறவில்லை. அதே ஆற்றின் வேகத்தில் மின்சாரம் எடுக்கும் வேலை தொடர்ந்ததால் நிறுவனத்துக்கு அந்த இடத்தோடு தொடர்பும் அறுந்துபோகவில்லை. தொழிலாளர்கள் பக்கத்து வீடுகளில்தான் இருந்தார்கள். பூட்டிய ஆலைக்கு அதைவிட நல்ல காவல் ஏது?

1972 என்பதன் அருமையையும் சொல்ல வேண்டும். உலகப் பாரம்பரிய உடன்படிக்கையை யுனெஸ்கோ ஏற்றுக்கொண்டதே அந்த ஆண்டு நவம்பரில்தான். தொழில் பாரம்பரியம் பற்றிய முதல் சர்வதேச மாநாடு இங்கிலாந்தின் அயன்பிரிட்ஜில் கூடியது 1973இல். கோட்டையும் கோயிலும் அரண்மனையும்தான் காக்க வேண்டியவை என்று உலகம் நினைத்துக்கொண்டிருந்தபோது, ஒரு காகித நிறுவனம் தன் பழைய அட்டை ஆலையைத் திறந்து பார்வைக்கு விட்டது.

எடுத்த முடிவுகள்

முதல் முடிவு, எதையும் நகர்த்தாமல் இருந்தது. எந்திரங்கள் வேலை பார்த்த இடத்திலேயே, வேலை பார்த்த வரிசையிலேயே நிற்கின்றன. கட்டடத்துக்குள் நடந்தாலே மரம் அட்டையாகும் பாதையில் நடந்ததாகிவிடும். கண்ணாடிப் பெட்டியில் வைத்த உருளையைப் பார்த்து வருகிற அறிவு வேறு. கூழ் எங்கிருந்து வந்தது, ஈர அட்டையை எந்தப் படியில் எத்தனை அடி சுமந்தார்கள் என்பது காலுக்குத் தெரிய வேண்டும்.

இரண்டாவது முடிவு கூட்டத்தைப் பற்றியது. ஆலைக்குள் வழிகாட்டியோடுதான் போக முடியும். அதுவும் கோடைக்காலத்தில் மட்டும். பலருக்கு இது குறையாகத் தெரியலாம். எனக்கு அப்படித் தெரியவில்லை. தேய்ந்த பலகையைக் காட்சிப்பொருள் ஆக்கிவிட்டு, அதன்மேல் ஆயிரக்கணக்கான சப்பாத்துக்களை ஏறவிட்டால் பத்தாண்டில் அந்தப் பள்ளம் யாருடையது என்று சொல்ல முடியாது. தவிரவும் பின்லாந்துக் குளிரில் அவ்வளவு பெரிய கட்டடத்தைச் சூடாக்க வேண்டுமானால் குழாயும் கம்பியும் புது அடுப்பும் உள்ளே நுழைய வேண்டும். வந்தால் பழைய சுவர் பழையபடி இருக்காது. ஆகவே குளிர்காலத்தில் பூட்டிவைப்பதே பாதுகாப்பு.

மூன்றாவதுதான் மற்ற ஊர்க்காரர்கள் கூர்ந்து பார்க்க வேண்டியது. அவர்கள் ஆலையை மட்டும் காக்கவில்லை. முதலாளியின் மாளிகை, அதைச் சுற்றிய பூங்கா, தொழிலாளர் வீடுகள் எல்லாம் சேர்ந்தே இருக்கின்றன. உலகப் பாரம்பரியப் பட்டியலில் சேர்ந்ததும் தனி ஆலையாக அல்ல, குடியிருப்போடு சேர்ந்த தொழில் கிராமமாகத்தான். 19ஆம் நூற்றாண்டில் வட ஐரோப்பாவிலும் வட அமெரிக்காவிலும் இப்படிப்பட்ட சிறு கிராமங்கள் ஏராளம் இருந்தன. இன்று விரல்விட்டு எண்ணும் அளவுக்கே மிச்சம். மாளிகையின் அலங்கார வேலையைப் பார்த்துவிட்டுத் தொழிலாளர் வீட்டு வாசலில் வந்து நின்றால் சம்பளப் பட்டியலைத் தனியாகப் படிக்கத் தேவையில்லை.

அந்தத் தொழிலாளர் வீடுகளை இப்போது விடுமுறைக்கு வருகிறவர்களுக்கு வாடகைக்கு விடுகிறார்கள். வீட்டில் அடுப்பு எரிகிறது, கூரை ஒழுகினால் உடனே தெரிகிறது. ஆள் புழங்காத மரவீடு எவ்வளவு சீக்கிரம் வீணாகும் என்று தெரிந்தவர்களுக்கு இதன் அருமை புரியும். உழைத்துக் களைத்தவர்களின் வீட்டில் ஓய்வெடுக்கப் போவது கொஞ்சம் நெருடத்தான் செய்கிறது. ஆனாலும் இடிந்து விழுவதைவிட மேல்.

போகிறபோக்கில் ஒன்று. 1974இல், அருங்காட்சியகம் திறந்து இரண்டாண்டு கழித்து, ஆலைக்கு எதிரே தண்ணீரோரப் பாறையில் கற்கால ஓவியங்கள் கண்டுபிடிக்கப்பட்டன. பெரிய மான்களும் மனித உருவங்களும். எண்பது ஆண்டுக்கு மேல் ஆலை ஓட்டியவர்களின் கண்ணுக்கு எதிரிலேயே இருந்தும் யாரும் பொருட்படுத்தியதாகத் தெரியவில்லை.

நிறுவனமே நடத்தும் அருங்காட்சியகம்

வெர்லாவின் உரிமையாளர் இன்றும் காகித நிறுவனம்தான். கிமி, பல இணைப்புகளுக்குப் பிறகு 1996இல் யூபிஎம்-கிம்மெனே ஆனது. வெர்லா உலகப் பாரம்பரியப் பட்டியலில் ஏறிய அதே ஆண்டு. பராமரிப்பில் நாட்டின் மரபுத்துறையின் வழிகாட்டுதல் உண்டு.

இதில் வசதி வெளிப்படையானது. ஆண்டுதோறும் மானியத்துக்குக் கையேந்த வேண்டாம். பழைய ஆவணமும் நிலமும் ஒரே கையில். இக்கட்டும் வெளிப்படையானது. வேலை வாங்கியவரே வேலையின் வரலாற்றைச் சொல்கிறார். 1918இல் பின்லாந்து உள்நாட்டுப் போரில் வெள்ளைப்படை, தொழிலாளர் பக்கம் நின்ற செம்படை என்று பிளந்தபோது கிமி பள்ளத்தாக்கின் ஆலைப் பகுதிகள் செம்படையின் பக்கம் இருந்தன. தோற்றபின் அங்கே தொழிலாளர்கள் நிறையப் பேர் சுட்டுக்கொல்லப்பட்டார்கள். இப்படியொரு வட்டாரத்தில் ஆலை வரலாறு சொல்பவர் செங்கல் வேலைப்பாட்டோடு நிறுத்திக்கொள்ள முடியாது. உரிமை யாரிடம் இருந்தாலும் கதையை எழுதுவதில் வெளியாட்களுக்குப் பங்கு இருக்க வேண்டும் என்று நான் சொல்வது அதனால்தான்.

இன்னொரு சங்கதி. அதே வட்டாரத்தில் வொய்க்கா என்ற ஊரில் இதே நிறுவனத்தின் பெரிய நவீன காகித ஆலை இருந்தது. 2006இல் மூடப்பட்டது, நூற்றுக்கணக்கானோர் வேலை இழந்தார்கள். முதலீடு போன ஆலை போய்விட்டது. முதலீடே காணாத வெர்லாவுக்குக் கோடையில் ஆட்கள் வந்தபடி இருக்கிறார்கள்.

மற்றவர்கள் செய்தது

வெர்லாவின் வழி ஒன்றே வழி அல்ல. போலந்தின் துஷ்னிகி-ஸ்த்ரூயில் 17ஆம் நூற்றாண்டுக் காகித ஆலை 1968இல் அருங்காட்சியகம் ஆனது. அங்கே இன்றும் தொட்டியில் சட்டத்தை முக்கிக் கையால் காகிதம் எடுக்கிறார்கள், பார்வையாளரும் எடுத்துப் பார்க்கலாம். ஜெர்மனியின் பெர்கிஷ் கிளாட்பாக்கில் இருக்கும் ஆல்டே டோம்பாக் ஆலையில், பக்கத்துக் காகிதத் தொழிற்சாலை ஒன்றின் 1889ஆம் ஆண்டு எந்திரத்தைக் கொண்டுவந்து வைத்திருக்கிறார்கள். கிட்டத்தட்ட 40 மீட்டர் நீளம். நார்வேயின் கிளெவ்ஃபோஸ் 1888இல் தொடங்கி 1976இல் நின்ற ஆலை, வெர்லாவைப் போலவே எந்திரங்களோடு காக்கப்பட்டது.

கையால் காகிதம் எடுத்துப் பார்க்கிற குழந்தை அதை வாழ்நாளுக்கும் மறக்காது, ஒப்புக்கொள்கிறேன். வெர்லாவில் அது கிடையாது. எந்திரம் ஓடுவதில்லை. அரைகல்லின் இரைச்சல் இல்லை, ஈரமரத்தின் வாடை இல்லை, உலர்த்தும் கட்டடத்தின் வெக்கை இல்லை. அமைதியான ஆலை அழகாகத் தெரியும். அழகாகத் தெரிவதே ஒருவகையில் பொய். ஓடவைத்தால்? தேய்ந்த உறுப்புகளை மாற்ற வேண்டும், பாதுகாப்பு வேலி போட வேண்டும், ஐந்து ஆண்டில் பாதி எந்திரம் புதிதாகியிருக்கும். இரண்டில் ஒன்றைத்தான் எடுக்க முடியும். வெர்லா பொருளைக் காப்பாற்றியது, ஓசையை விட்டுக்கொடுத்தது. சரியான பேரம் என்றே நினைக்கிறேன், ஆனால் பேரம்தான்.

இவர்கள் எல்லோருக்கும் பொதுவான எதிரிகள் இரண்டு. காகித ஆலை ஆற்றோரத்தில்தான் இருக்கும், ஆகவே வெள்ளம். துஷ்னிகி ஆலையை 1998இல் வெள்ளம் பதம் பார்த்தது. உள்ளே மரமும் தூசும் காகிதமும் இருக்கும், ஆகவே தீ. வெர்லாவே 1876, 1892 என்று இரண்டுமுறை எரிந்த இடம். எதை எங்கே வைப்பது என்ற விவாதத்துக்கு முன்னால் தீயணைப்புக் குழாய் எங்கே போகும் என்ற விவாதம் முடிந்திருக்க வேண்டும்.

கடைசியாக ஆட்கள். 1972இல் கதவு திறந்தபோது ஆலை நின்று எட்டே ஆண்டு ஆகியிருந்தது. எந்தச் சுற்றில் அட்டையைக் கீற வேண்டும், கல் மழுங்கியதைச் சத்தத்தில் எப்படிக் கண்டுபிடிப்பது என்பதெல்லாம் தெரிந்தவர்கள் ஊரிலேயே இருந்தார்கள். 1964இல் 20 வயதில் அங்கே நின்றவருக்கு இன்று 80க்கு மேல். ஆலை மூடும் செய்தி வந்தவுடன் கூரையைச் சரிபார்க்க ஓட வேண்டும் என்பது எல்லோருக்கும் தெரிந்ததுதான். அதற்கு முன்னால், கடைசி ஷிப்ட் முடிவதற்குள், கேமராவோடு ஒருவர் அந்தக் கைகளுக்குப் பக்கத்தில் போய் நிற்க வேண்டும். கூரையைப் பத்தாண்டு கழித்தும் வேயலாம்.